நடக்கிற மெஷினும் அழுக்குத் துணி மலையும்

அந்த வீட்டில் துணி துவைக்கிற மெஷினுக்குக் கால் முளைத்திருந்தது. தண்ணீரில் புரட்டுகிற வரைக்கும் பரம சாது. பிழிகிற கட்டம் வந்ததோ இல்லையோ, உள்ளே யாரையோ பூட்டி வைத்த மாதிரி தடதடவென்று அடித்துக்கொண்டு, குளியலறை ஓரத்திலிருந்த தன் இடத்தை விட்டுக் கிளம்பிவிடும். சமையலறை வாசல் வரைக்கும் வந்து, பின்னாலிருக்கிற தண்ணீர்க் குழாய் இழுத்துப் பிடித்த பிறகுதான் நிற்கும். வாங்கி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. விற்கும்போது கடைக்காரன், "சத்தமே கேக்காது மேடம், பக்கத்துல குழந்தை தூங்கலாம்" என்று சொல்லியிருந்தான். குழந்தை இருக்கட்டும், மாடி வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்தையே மறந்து மாதக்கணக்காகிறது.

இதற்கு அந்தக் குடும்பம் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம், வீட்டுக்காரர். மனிதர் பஸ் டிரைவர். நல்ல கனத்த உடம்பு. தடதட சத்தம் கேட்டதும் செய்தித்தாளும் கையுமாகப் போய் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். அது அடங்குகிற வரைக்கும் உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்க ஊர் உலகத்துச் சேதியெல்லாம் படிப்பார். "டிக்கெட், டிக்கெட்" என்று மகன் கையை நீட்டிக்கொண்டு வருவான். அவர் வேலைக்குப் போன நாட்களில் மகன் ஏற வேண்டும். அவன் ஈர்க்குச்சி. அவனையும் சுமந்துகொண்டே மெஷின் நடக்கும்.

வீட்டு அம்மாவுக்கு அங்கே இன்ஸ்பெக்டர் என்று பெயர். போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய தங்கும் விடுதி ஒன்றில் அறைகளை மேற்பார்வை பார்க்கிறவள். பெண்கள் கூட்டித் துடைத்து விரித்த அறைக்குள் கடைசியாக அவள் நுழைவாள். தலையணையில் ஒரு முடி, கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தால் போதும், தொலைந்தார்கள். "வர்றவங்க, இந்த ரூம்ல இதுவரைக்கும் மனுஷங்களே தங்கினதில்லைன்னு நம்பணும்" என்பாள். விடுதிக்குச் சரி. அந்தச் சட்டத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்து போட்டிருந்தாள், அதுதான் வினை. வாசல் மணி அடித்தால் அந்த வீட்டில் முதலில் கதவைத் திறக்க மாட்டார்கள். புருஷன் செருப்பைப் பொறுக்க, மகன் சாய்வு நாற்காலியில் கிடக்கிற துண்டை எடுத்து உள்ளே எறிய, அவள் மேஜையைத் துடைக்க, அதெல்லாம் முடிந்துதான் கதவு திறக்கும். தபால்காரர் பல தடவை ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார்.

அப்படிப்பட்டவள் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தாள். புகார் கொடுப்பது என்ன சாமானிய வேலையா! ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று ஒரு பெண் குரல் விரட்டும். அழுத்தினால் பாட்டு. பாட்டுக்கு நடுவே, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.' அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?

"அம்மா, அந்தப் பொண்ணுகிட்ட கோபப்படாதீங்க. அது ரெக்கார்டு" என்றான் மகன். அவனுக்குத் தெரியும். அவனும் வேறொரு கம்பெனியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு புகார் கேட்கிற வேலைதான். வீட்டில், பக்கெட்டை ஏன்டா நடுவழியில் வைத்தாய் என்று கேட்டால்கூட, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டு, பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவன்.

மெக்கானிக் வருகிறேன் என்று சொன்ன நாளில் இன்ஸ்பெக்டர் விடியும்போதே எழுந்தாள். வீடு முழுக்கத் துடைத்தாள். மெஷினுக்கே ஒரு குளியல் போட்டாள். கூடையில் கிடந்த அழுக்குத் துணி அத்தனையையும், மணிக்கட்டு வலியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே துவைத்து உலர்த்திவிட்டாள். மெஷின் கதவு கண்ணாடிக் கதவு. அதற்குள் தன் வீட்டுக்காரர் பனியன் சுற்றுவதை ஊர் பேர் தெரியாத ஆள் நின்று பார்ப்பதா? அதைவிட மானக்கேடு உண்டா?

மெக்கானிக் நல்ல பிள்ளைதான். அவசரக்காரன். "ஏதாவது துணி இருந்தா போட்டு ஓட்டிப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டான்.

"எங்க வீட்ல அழுக்குத் துணியே கிடையாது தம்பி" என்றாள். எவ்வளவு பெருமை அந்தக் குரலில்!

துவைத்து மடித்ததை மறுபடி நனைக்க அவளுக்கு மனசு வராது. அவனுக்கோ அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். காலி மெஷினை ஓட்டினான். அது பாவி, பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓர் அங்குலம்கூட நகராமல் சுற்றி முடித்தது. "எந்தப் பழுதும் இல்லைக்கா" என்று எழுதிக்கொண்டு போனான்.

அடுத்த நாளே மெஷின் நடந்தது. மறுபடி போன், மறுபடி பாட்டு. மறுபடி மெக்கானிக் வந்தான். வருவதற்குள் மறுபடி வீடு பளபள, கூடை காலி. இந்தத் தடவை வீட்டுக்காரரும் இருந்தார். தான் மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அடங்குகிறது என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், மேல உக்காரக் கூடாது. அதனாலதான் கெட்டுப்போகுது."

"கெட்டுப்போனதாலதானப்பா உக்கார்றேன்!"

யார் கேட்கிறார்கள்? அவன் எழுதிக்கொண்டு போனான். கம்பெனியிலிருந்து ஒருத்தி கூப்பிட்டுத் தேனொழுகச் சொன்னாள்: இன்னும் ஒரே ஒரு தடவை மேலதிகாரியே நேரில் வந்து பார்ப்பார். அப்போதும் பழுது இல்லையென்றால், வாடிக்கையாளர் உபயோகித்த விதம் தவறு என்று புகாரை முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் கேரண்டியில் ஒன்றும் கிடைக்காது. இனிய நாளாக அமையட்டும்.

வேறு சமயமாக இருந்தால் இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஆனால் அவள் மகளுக்கு இது நிறைமாதம். முதல் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. மகளுக்கு அம்மா வீட்டுக்கு வரத்தான் ஆசை. ஆனால் அவள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

"உங்க மணிக்கட்டு இருக்கிற லட்சணத்துல பிள்ளைத் துணியெல்லாம் கையால துவைக்க விடமாட்டேன்மா. மெஷின் சரியானா அங்க வர்றேன். இல்லேன்னா இங்கயே இருந்துக்கிறேன். இங்க அத்தை மெஷின் நல்லாத்தானே ஓடுது."

அத்தை மெஷின்! அந்தச் சொல்தான் இன்ஸ்பெக்டரின் அடிவயிற்றில் தீயை வைத்தது. சம்பந்தியம்மாள் நல்லவர். குரலே உயர்த்தாதவர். அதுதான் இன்னும் எரிச்சல். அவர் வீட்டு மெஷின் வேலை முடிந்ததும் பாட்டுப் பாடும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அது பாடுவது கேட்கும். "இருங்க சம்பந்தி, மெஷின் கூப்பிடுது" என்பார். இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுத் தன் வீட்டு மெஷினைப் பார்ப்பாள். அது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று வாங்கலாமே என்று சொல்லாதீர்கள். இதற்கே இன்னும் தவணை போய்க்கொண்டிருந்தது. "போனா போகட்டும்மா. அங்க போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"பாத்துட்டு வர்றதா? விருந்தாளி மாதிரி போய் ஓரமா உக்காந்து, குடுக்கிற டீயைக் குடிச்சுட்டு, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டு வர்றதா? என்னால முடியாதுங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொறாமைதான். அவளுக்கே தெரியும். என்ன செய்ய, பேரப்பிள்ளை விஷயத்தில் பொறாமைப்படாமல் வேறு எதில் படுவது?

மேலதிகாரி வரப்போகிற வாரம் விடுதியில் ஒரு சண்டை. ஓர் அறையில் தங்கியிருந்த அம்மாள், கட்டில் ராத்திரியெல்லாம் கிறீச்சிடுகிறது என்று கீழே வந்து சத்தம் போட்டாள். இன்ஸ்பெக்டர் மேலே போனாள். மெத்தையைக் கையால் இங்கே அழுத்தினாள், அங்கே அழுத்தினாள்.

"ஒரு சத்தமும் இல்லையேம்மா."

"ஏம்மா, நான் கையை மட்டும் வச்சா தூங்குறேன்? முழு உடம்பையும்ல போடுறேன்? நீங்க படுத்துப் பாருங்க!"

படுத்தாள். கட்டில் கிறீச்சிட்டதா, மாடு கத்தியதா என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. அப்படியே மல்லாந்தபடி மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"என்னம்மா, முடியலையா?" என்று பயந்துவிட்டாள் அந்த அம்மாள்.

"இல்லம்மா. நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள் இன்ஸ்பெக்டர், சந்தோஷமாக.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உத்தரவு போட்டாள். மேலதிகாரி வரும்வரை இந்த வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட யாரும் துவைக்கக் கூடாது. சுமையில்லாமல் சுற்றினால் எந்த மெஷின்தான் ஆடும்? நாமே பழுதைத் துடைத்து, மடித்து, ஒளித்து வைத்துவிட்டு, பழுது எங்கே என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? இந்தத் தடவை அழுக்கு அழுக்காகவே இருக்கட்டும்.

அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மாவால முடியாது. ஒருநாள் தாங்கினா பெரிசு" என்றான் மகன்.

உண்மையிலேயே அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. டிரைவர் சட்டைகள், மகனின் சாக்ஸ், போர்வை, கால்மிதி என்று கூடை நிரம்பி, கூடத்தில் குவிந்து, குவியல் மலையாகி, மலையிலிருந்து ஒரு வாசம் வேறு கிளம்ப ஆரம்பித்தது. அவளுக்குக் கை அரித்தது. தொலைக்காட்சி பார்க்கிற சாக்கில் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் "ஒரே ஒரு துண்டு" என்று எழுந்தாள். வீட்டுக்காரர் சோப்புத் தூளைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். "பேரப்பிள்ளை வேணுமா, துண்டு வேணுமா?" என்று கேட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாள் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வாசல் மணி அடித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்த தலையோடு, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், நேரே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றது கம்பெனிக்காரர் இல்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகள். பக்கத்தில், இஸ்திரி மடிப்பு கலையாத உடையில், சம்பந்தியம்மாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம் சம்பந்தி. வழியிலதானேன்னு எட்டிப் பாத்தோம்" என்றார் அவர்.

எட்டித்தான் பார்த்தார். கூடத்து நடுவே மலை. மலை உச்சியில் மகனின் சாக்ஸ் ஒன்று கொடி மாதிரி. மகள் வேகமாக உள்ளே வந்தாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் இப்படி ஒரு காட்சியைக் கண்டதே இல்லை. "அம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று தவித்தாள்.

இன்ஸ்பெக்டருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது, அதுவும் யார் கண்முன்னால்! ஒரு போர்வையை எடுத்து மூடிவிடலாமா என்று நினைத்தாள். போர்வையும் அழுக்கு. வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. அது அழுக்குத் துணி. எங்க வீட்டுதுதான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி வந்து சேர்ந்தார். கழுத்தில் டை. பின்னால் மெக்கானிக், தலையைக் குனிந்துகொண்டு. மேலதிகாரி மூக்கைச் சுருக்கிக்கொண்டே மலையைச் சுற்றி நடந்து மெஷினிடம் போனார். "விதிமுறைப்படி முதல்ல காலியா ஓட்டிப் பாக்கணும் மேடம்" என்றார்.

"சார், நாங்க காலி மெஷின்ல துணி துவைக்கிறதில்ல."

"இல்ல மேடம், விதிமுறை..."

"ரெண்டு தடவை காலியா பாத்தாச்சு. உங்க மெக்கானிக் எழுதியே வச்சிருக்காரு. இன்னிக்குத் துணியோட பாருங்க. டிரைவர் வேலை பாக்கிறவர் சட்டை, நாள்கணக்கு அழுக்கு. உங்க மெஷின் இதுக்குத்தானே பொறந்திருக்கு?"

மகன் வேலைப் பழக்கத்தில் குறுக்கே புகுந்தான். "சார், வாடிக்கையாளர் சொல்ற மாதிரி சோதிக்கலேன்னா, சோதனை மறுக்கப்பட்டதுன்னு பதிவாகும். அப்புறம் உங்களுக்குத்தான் சிரமம். அதுக்காக மிகவும் வருந்துகிறோம்." அவன் பிழைப்பு அன்றைக்குத்தான் வீட்டுக்கு உபயோகப்பட்டது.

அளவைப் பார்த்துத் துணியைப் போட்டது மெக்கானிக்தான். அதிகமாகத் திணித்தார்கள் என்று பிறகு யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதல்லவா? சோப்புத் தூளைப் பூட்டிய சாவிக்கு வீட்டுக்காரர் எல்லாச் சட்டைப் பையையும் தேடி, கடைசியில் போட்டிருந்த சட்டையிலேயே கண்டுபிடித்தார். மெஷின் புரட்ட ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் பனியன் சுற்றியது. இன்ஸ்பெக்டர் பார்வையைத் திருப்பவில்லை.

சாதுவாகப் புரட்டியது. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது..." என்று ஆரம்பித்தார்.

தடதட.

வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "உக்காராதீங்க!" என்று இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரரே எழுந்திருப்பார். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

கிளம்பியது பாருங்கள்! இத்தனை மாதம் ஒரு டிரைவரின் கனத்தில் அடங்கிக் கிடந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்பியது. ஓர் உதறல், ஓர் அடி. மேலதிகாரி கையால் தடுத்துப் பார்த்தார். அவரையும் தள்ளிக்கொண்டு வந்தது. முதுகைக் கொடுத்து நிறுத்தப் பார்த்தார். சறுக்கிக்கொண்டே பின்னால் போனார். "டேய், பிடிடா!" என்று மெக்கானிக்கைப் பார்த்து அலறினார். குழாய் விறைத்து, பட்டென்று கழன்று, பீய்ச்சி அடித்த தண்ணீர் டையோடு சேர்த்து அவரை நனைத்தது. அந்தப் பதற்றத்தில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரே தாவு. மெஷின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் அடங்கியது. உள்ளே உறுமிக்கொண்டு நின்றது. மேலே அவர் குலுங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஓடிப்போய்த் தண்ணீரை அடைத்தான்.

இன்ஸ்பெக்டர் மெல்ல அருகே போனாள். விடுதியில் விருந்தினரிடம் பேசுகிற மாதிரி, மிகப் பணிவாக, "சார், மேல உக்காரக் கூடாது. அதனாலதான் கெட்டுப்போகுது" என்றாள்.

முதலில் சிரித்தது மெக்கானிக்தான். அப்புறம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, "பிள்ளைக்கு வலிக்கப்போகுதுடி, மெதுவா சிரி" என்று சம்பந்தியம்மாள் சொல்லிக்கொண்டே அவரும் சிரிக்க, வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகன் நனைந்த மனிதரிடம் கையை நீட்டி, "டிக்கெட்" என்றான்.

மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே தொட்டியைத் தாங்குகிற கம்பிகளில் ஒன்று முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "உக்காந்ததால முறியல சார். முறிஞ்ச இடமெல்லாம் துரு. வந்தப்பவே இப்படித்தான் வந்திருக்கு" என்றான். அந்தப் பிள்ளைக்கு ஆயுசு நூறு. மேலதிகாரி துடைத்துக்கொள்ள ஒரு துண்டு கேட்டார். சுத்தமான துண்டு வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்த அழுக்கிலேயே கொஞ்சம் நல்ல அழுக்காகப் பார்த்து இன்ஸ்பெக்டர் கொடுத்தாள். "புது மெஷினே மாத்திக் குடுத்துடுறோம் மேடம்" என்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னார். மகன் அதை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு, சம்பந்தியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க மெஷின் பாடுதே தவிர, பிழியாது. சொட்டச் சொட்ட எடுத்து நான்தான் கையால பிழிஞ்சு போடுறேன். ரிப்பேர் பாக்க ஆள் வர்றான்னா, வெக்கமா இருக்கேன்னு முன்னாடியே எல்லாத்தையும் துவைச்சு வச்சிடுவேன். அவனும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

"அத்தை!" என்றாள் மகள்.

இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மணிக்கட்டும் வீங்கித்தான் இருந்தது. இத்தனை நாள் வயிறு எரிந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நீங்க ஒண்ணும் துவைக்காதீங்க சம்பந்தி. மலையா சேருங்க. நான் வந்து பேசுறேன்" என்றாள்.

"அப்ப பிள்ளை இங்கயே வரட்டும். என் துணியையும் எடுத்துக்கிட்டு நானும் வர்றேன்" என்றார் சம்பந்தியம்மாள்.

புது மெஷின் வந்தது. அதற்குப் பின்னாலேயே பேத்தியும் வந்தாள், நேரே அந்த வீட்டுக்கு. கடைக்காரன் சொன்னது இந்த மெஷினைப் பற்றியாக இருக்க வேண்டும். அது பிழிகிறபோது பக்கத்தில் குழந்தை தூங்கியது. நகராத மெஷின்மேல் வீட்டுக்காரர் இப்போதும் செய்தித்தாளோடு ஏறி உட்காருகிறார். இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம்.

ஒரு நாள் காலையில் வாசல் மணி அடித்தது. கூடம் முழுக்கக் குட்டிச் சட்டைகள், ஈரத் துணிகள், பால் புட்டி, நாற்காலி முதுகில் பால் கக்கலைத் துடைத்த ஒரு துண்டு. வீட்டுக்காரர் பதறி இறங்கினார், மகன் துண்டைப் பிடுங்கினான், சம்பந்தியம்மாள்கூட மேஜையைத் துடைக்க எழுந்துவிட்டார். நடுக்கூடத்தில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் மட்டும் அசையவில்லை. அவள் தோளில் பால் கக்கிய கறை, காய்ந்து போயிருந்தது.

"அட, எல்லாம் கிடக்கட்டும் விடுங்க. யாரா இருந்தாலும் உள்ள வரச் சொல்லு. எங்க வீட்ல பிள்ளை இருக்குன்னு பாக்கட்டும்" என்றாள்.

மகன் போய்க் கதவைத் திறந்தான்.